கதவு வைக்காத பந்தயம்

அவளுக்குக் 'கறார்' என்று பெயர் வைத்தது அவளுடைய கொழுந்தன்தான். நேரில் அண்ணி, மற்றவர்களிடம் கறார். ஆபீஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. டயர்க்கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் வியர்வை. அவள் விளையாட்டுக்கான விதிகளை யோசிப்பாள், அவன் அவற்றைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற நிரலாக, அவன் பாஷையில் 'கோடாக', எழுதுவான். விதி என்று வந்துவிட்டால் அவளிடம் பேச்சுவார்த்தைக்கே இடம் கிடையாது. "உரசினாலும் இடிச்சதுதான் தம்பி" என்பாள். அப்படி வந்த பெயர்.

இரண்டு வருஷமாக அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது ஒரு கார்ப் பந்தய விளையாட்டு. இதில் ஸ்டியரிங்கைத் திருப்புகிற வேலையே இல்லை. கார் எந்த நிலைமையில் என்ன செய்யவேண்டும் என்று முன்கூட்டியே திட்டம் போட்டு, அதை முத்திரை வைத்துக் கொடுத்துவிட வேண்டும். கொடி விழுந்ததும் எல்லாருடைய திட்டங்களும் ஒரே நேரத்தில் திறக்கும். அதன்பிறகு கார்கள் தாமாகவே ஓடும், ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கவேண்டியதுதான். முத்திரை வைத்ததை யாராலும் திருத்த முடியாது. அந்தத் திட்டங்கள் இருப்பது பிளாக்செயினில். முன்பின் தெரியாத எத்தனையோ பேருடைய கம்ப்யூட்டர்களில் அதே பதிவு அப்படியே இருக்கும். ஒருவர் தன்னுடையதில் கைவைத்தால் மற்றதெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். விளையாட்டைச் செய்தவர்களே நினைத்தாலும் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

"நம்ம நடுவரை யாரும் விலைக்கு வாங்க முடியாது அண்ணி. ஏன்னா நடுவரே கிடையாது" என்று கொழுந்தன் பெருமையடித்துக்கொள்வான். அதில் தப்பும் இல்லை. அவன் கெட்டிக்காரன்தான்.

வினை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தது. அவளுடைய கணவருக்குப் பல் செட் செய்கிற தொழில். நாள் முழுக்க அடுத்தவர் வாயின் அச்சை வைத்துக்கொண்டு மெழுகிலும் பிளாஸ்டரிலும் குனிந்தபடி இருப்பார். அதிர்ந்து பேசமாட்டார். அன்றைக்கு என்ன தோன்றியதோ, "இவ்வளவு நாளா ரெண்டு பேரும் என்னதான் பண்றீங்க, நானும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேனே" என்று தம்பியின் லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டார்.

திரையில் ஒரு கறுப்புப் பெட்டி. 'உங்கள் நிரலை இங்கே இடவும்' என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

"இதுல கார் எங்கடா இருக்கு?"

"அது அப்புறம் வரும்ணே. முதல்ல கோடு எழுதணும்."

தம்பி ஒரு மாதிரியைக் காட்டினான். அண்ணன் அதைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். சிவப்பில் ஏதோ திட்டு வந்தது. திருத்தினார். மறுபடியும் சிவப்பு. சாதம் ஆறிப்போயிற்று.

"ஒரு பிராக்கெட் விட்டுட்டீங்க."

"பிராக்கெட் விட்டா கார் ஸ்டார்ட் ஆகாதா?"

"ஆகாதுண்ணே. உங்களுக்கெல்லாம் இது சரிப்படாது, விடுங்க."

அண்ணன் சிரித்துக்கொண்டே லேப்டாப்பைத் தள்ளி வைத்துவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஆனால் 'உங்களுக்கெல்லாம்' என்ற அந்த ஒரு சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அவளுக்கும் கோடு எழுதத் தெரியாது. முன்பு வேலை பார்த்த பெரிய கம்பெனியில், அவள் யோசித்த விதிகளைப் பற்றிப் பேசவே ஒரு கூட்டம் போட்டார்கள். வாசலிலேயே ஒருவர், "இது டெக்னிகல் மீட்டிங், நீங்க வெளிய இருங்க, வேணும்னா கூப்பிடுறோம்" என்றார். கண்ணாடிச் சுவருக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து, தன் விளையாட்டை அவர்கள் பிய்த்துப் போடுவதைச் சத்தமில்லாத படம் மாதிரி பார்த்தாள். யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் வேலையை விட்டவள்தான்.

"தம்பி, உங்க அண்ணன் ஓட்ட முடியாத காரை நான் வெளிய விடமாட்டேன்" என்றாள்.

"அண்ணி, விளையாட்டா?"

"இல்ல."

மறுநாள் காலையிலேயே மேசை முழுக்க அட்டைகளைப் பரப்பியிருந்தாள். ஒவ்வோர் அட்டையிலும் பாதி வாக்கியம். 'முன்னால் போகிறவர் வேகத்தைக் குறைத்தால்' என்று ஒன்று. 'உள்பக்கமாகப் புகுந்து முந்து' என்று இன்னொன்று. 'டயர் பாதி தேய்ந்துவிட்டால்.' 'நிறுத்தி மாற்று.' 'என்ன ஆனாலும் வழி விடாதே.' இரண்டை ஒட்டினால் ஒரு முழு வாக்கியம். சில வாக்கியங்களை வரிசையாக அடுக்கினால் ஒரு திட்டம். பேச்சு வருகிற யாருக்கும் இது வரும்.

கொழுந்தன் புரட்டிப் பார்த்தான். "சரி, இது பழகுறவங்களுக்கு. நான் ஐந்நூறு வரி எழுதுவேன். அட்டை வச்சிருக்கிறவர் என்னோட எப்படி மோத முடியும்? ஒரே ரவுண்டுல பஞ்சராக்கிடுவேன்."

அவளும் அதைத்தான் பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்தாள். கோடு எழுதுகிறவனின் கையைக் கட்டிப்போட அவளுக்கு இஷ்டமில்லை. அட்டைக்காரருக்குச் சலுகை கொடுத்துத் தூக்கிவிடவும் மனசு வரவில்லை. சலுகை என்பதும் ஒருவகையில் வெளியே உட்கார வைப்பதுதானே. கடைசியில் பஸ்ஸில் வரும்போது, பக்கத்து சீட்டில் ஒருவர் எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்று யோசித்து யோசித்து இரண்டு நிறுத்தங்களையும் கோட்டை விட்டதைப் பார்த்தபோது பொறி தட்டியது.

"யோசிக்கிறதுக்கும் பெட்ரோல் செலவாகும்" என்றாள் ஆபீஸுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக.

"என்னது?"

"கார் ஒவ்வொரு தடவை ஒரு கேள்வி கேக்கும்போதும் டேங்க்ல ஒரு சொட்டு குறையும். முன்னால யாரு, பின்னால யாரு, டயர் எப்படின்னு நூறு கேள்வி கேட்டா நூறு சொட்டு. உன் ஐந்நூறு வரி தாராளமா ஓடட்டும். ஆனா அதுக்கான பெட்ரோலை நீதான் சுமக்கணும். சுமந்தா வண்டி கனக்கும்."

அவன் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தான். "யோசிக்கிறவனுக்கு அபராதம்."

"அபராதம் இல்ல. விலை. எல்லாருக்கும் ஒரே விலை."

அதை அவன் எழுதிக் கொடுத்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுதினான், ஆனால் ஒழுங்காக எழுதினான். கோடாக வந்ததை அட்டை வாக்கியமாக மாற்றிக் காட்டுகிற ஒரு பகுதியையும், அவள் கேட்காமலேயே, சேர்த்து வைத்தான். அவனுக்கு அரைகுறையாக எதையும் செய்ய வராது.

இந்த நேரத்தில்தான் பெரிய இடத்திலிருந்து ஆள் வந்தார். உலகம் முழுக்க விளையாட்டுகளை வெளியிடுகிற கம்பெனி ஒன்றின் ஆலோசகர். இஸ்திரி கலையாத சட்டை, இதமான பேச்சு. மாடிப்படியில் அடுக்கியிருந்த பழைய டயர்களைக்கூட ரசித்துக்கொண்டே ஏறிவந்தார். விளையாட்டைப் பார்த்ததும் உண்மையிலேயே அசந்துபோனார். "நாங்களே வெளியிடுறோம்" என்றார். கொழுந்தனுக்குத் தலைகால் புரியவில்லை.

"ரெண்டே ரெண்டு சின்ன மாற்றம்" என்றார் ஆலோசகர். "கோடு எழுதுறவங்களுக்கு ஒரு தரவரிசை. அது சாம்பியன்ஷிப். அட்டை வச்சு விளையாடுறவங்களுக்குத் தனியா ஒரு ஜாலியான பிரிவு. அதுக்கு வரிசையெல்லாம் வேண்டாம். ஒரே பட்டியல்ல போட்டா நிஜமான ஆட்டக்காரங்க மதிக்கமாட்டாங்க."

"ரெண்டாவது?" என்றாள்.

"விதிகளைப் பிளாக்செயின்ல பூட்டும்போது ஒரு கதவு மட்டும் விட்டுவைங்க. சாவி எங்ககிட்ட இருக்கட்டும். பின்னால ஏதாவது மாத்தவேண்டி வரலாம் இல்லையா?"

"யாராலும் மாத்த முடியாதுன்னு முகப்புலயே போட்டிருக்கோமே."

"அது இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர் சிரித்தபடி.

அவள் சிரிக்கவில்லை. "ரெண்டும் முடியாது சார்."

ஆலோசகர் போனபிறகு கொழுந்தனின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவன் அதுவரை அவளை எதிர்த்துக் குரல் உயர்த்தியதே இல்லை. அன்றைக்கு உயர்த்தினான். "ரெண்டு வருஷம் அண்ணி. என் கூடப் படிச்சவனெல்லாம் எங்கெங்கேயோ இருக்கான். நான் டயர்க்கடை மாடியில உட்கார்ந்திருக்கேன். ஒரு பட்டியலுக்காக இதைக் கைநழுவ விடணுமா?"

"பட்டியல்தான் விளையாட்டே. யார் யாரோட மோதலாம்னு சொல்றதுதான் முதல் விதி."

"எனக்குப் புரியல."

"உன்னை யாரும் வெளிய உட்கார வச்சதில்ல. அதான் புரியல."

விதிகளைப் பூட்ட இரண்டு சாவிகள் வேண்டும். ஆளுக்கொன்று என்று அவர்களே ஆரம்பத்தில் வைத்த ஏற்பாடு. அவள் தன் சாவியைப் போட்டுவிட்டாள்: ஒரே பட்டியல், கதவு கிடையாது. அவன் போடமாட்டேன் என்றுவிட்டான். வீட்டில் ஒரே மேசையில் உட்கார்ந்து, "உப்பை அந்தப்பக்கம் தள்ளச் சொல்லுங்க" என்று அண்ணன் வழியாகப் பேசிக்கொண்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நான் பல்லைப் பார்க்கவா, உங்க ரெண்டு பேர் வாயைப் பார்க்கவா?" என்று உப்புச் சாடியை நடுவில் டம்மென்று வைத்தார்.

சோதனைப் பந்தயம் ஒன்று வைப்பதாக ஏற்கெனவே அறிவித்திருந்தார்கள். நூலகத்தின் கூட்ட அறையில், ஒரு சனிக்கிழமை பிற்பகல். அதை நிறுத்த இரண்டு பேருக்குமே மனம் வரவில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் கோடு எழுதுகிறவர்கள், முதுகுப்பையும் லேப்டாப்புமாக. மீதிப்பேர் அவள் தெருத்தெருவாகப் போய்ப் பிடித்துவந்தவர்கள். மருந்துக்கடை நடத்தும் அம்மா, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், கீழ்வீட்டுத் தையல்காரர், டயர்க்கடைக்காரர். கணவரையும் விடவில்லை. ஆலோசகர் பின்வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார்.

அட்டைகளை அடுக்கும்போதே அறையில் கலகலப்பு. டயர்க்கடைக்காரர் தன் அட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த வேன் டிரைவருக்குக் காட்டமாட்டேன் என்றார். "எப்படியும் கொடி விழுந்தா எல்லாருக்கும் தெரியும்ணே" என்றான் கொழுந்தன். "அப்பத் தெரியட்டும், இப்ப ஏன் தெரியணும்?" என்றார் அவர்.

கொடி விழுந்தது. சுவரில் மாட்டியிருந்த திரையில் கார்கள் கிளம்பின.

டயர்க்கடைக்காரரின் திட்டம் ஒரே வாக்கியம்: என்ன ஆனாலும் முழு வேகம். முதல் சுற்றில் எல்லாரையும் விட்டுப் பறந்தார், எழுந்து நின்று கையை ஆட்டினார். இரண்டாம் சுற்றில் டயர் வெடித்துச் சுவரில் மோதினார். தன் கடையிலேயே அந்த டயரை விற்றவர்போல அத்தனை வருத்தத்தோடு உட்கார்ந்தார். மருந்துக்கடை அம்மா நிதானமாக நடுவில் ஓடிக்கொண்டிருந்தார். கோடு எழுதிய இளைஞன் ஒருவனின் கார் அத்தனையையும் கணக்குப் போட்டு, யோசித்தே பெட்ரோலைத் தீர்த்துவிட்டு, எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுபோயிற்று. ஆனால் எல்லாரும் அப்படியில்லை. நன்றாக எழுதியவர்கள் நன்றாகவே ஓடினார்கள். முதல் மூன்று இடமும் கோடுக்காரர்களுக்கு. நான்காவது மருந்துக்கடை அம்மா. ஐந்தாவது, யாரும் எதிர்பார்க்காமல், பல் செட் செய்பவர். கொழுந்தனின் கார் ஒன்பதாவது.

ஆலோசகர் எழுந்துவந்தார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. "பார்த்தீங்களா? முதல் மூணும் அவங்கதான். நான் சொன்னதும் இதைத்தான். இவங்களைத் தனியா வச்சா இவங்களுக்கும் ஒரு முதல் பரிசு கிடைக்கும். அது இவங்களுக்கு மரியாதைதானே?"

அவள் திரையில் இருந்த பட்டியலைக் காட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"தனியா ஒரு முதல் பரிசைவிட, இந்த நாலாவது இடம் பெருசு சார். இவங்களுக்கு முன்னாடி மூணே பேர்தான். யாருன்னு பேர் தெரியும். அடுத்த தடவை யாரைத் துரத்தணும்னு தெரியும். அதை எடுத்துட்டு நீங்க கப்பு குடுத்தா, அதை வச்சு என்ன பண்றது?"

"அந்த மூணாவது ஆள் எங்க இருக்கார்?" என்றார் மருந்துக்கடை அம்மா, இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தபடி. கடைசி வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அடுத்த வாரம் வருவீங்கதானே?" என்றார் அந்த அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். ஆலோசகரும் சிரித்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "திங்கட்கிழமை வரை யோசிங்க" என்று கொழுந்தனிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பந்தயம் முடிந்ததும் எல்லாருடைய திட்டத்தையும் சாவகாசமாகப் படிக்கலாம். கோடாக எழுதியவையும் அட்டை வாக்கியமாகவே திரையில் வரும். ஆட்கள் கூட்டம்கூட்டமாக நின்று ஒருவருடையதை ஒருவர் படித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தவள், தன் கணவர் தம்பியின் திட்டத்துக்கு முன்னால் நிற்பதைப் பார்த்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிதானமாகப் படித்தார்.

"பின்னால யாராவது நெருங்கினா வழி விடு. முன்னால ரெண்டு பேர் மோதினா மெதுவாப் போ. பெட்ரோல் பாதி இருக்கும்போதே நிறுத்தி நிரப்பு. டேய், எவ்வளவு பெட்ரோல் மிச்சம் வச்சுக்கிட்டு முடிச்சிருக்க?"

"கால் டேங்க்."

"எதுக்குடா? அதை வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போகவா?"

கொழுந்தன் சட்டென்று சிரித்துவிட்டான். "நீங்க மட்டும் என்னவாம்? 'முன்னால் போகிறவர் தயங்கினால் இடித்துக்கொண்டு போ.' என் வண்டியை நாலாவது சுற்றுல தள்ளிவிட்டது நீங்கதானே?"

"நீ ஏன் தயங்கின?"

"திருப்பத்துல..." என்று ஆரம்பித்தவன், பேச்சை நிறுத்தி அண்ணனையே பார்த்தான். பிறகு வேறு குரலில் சொன்னான். "அண்ணே, நான் வேலைக்கு வந்து இத்தனை வருஷத்துல, நான் எழுதினதைப் படிச்சு நீங்க ஏன்னு கேக்கறது இதான் முதல் தடவை."

"அப்ப எனக்கு என்ன புரிஞ்சுது, கேக்கறதுக்கு?" என்றார் அண்ணன். "இப்பப் படிக்க முடியுது. கேக்குறேன். சொல்லு, திருப்பத்துல ஏன் பிரேக் போட்ட?"

இருவரும் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நூலகத்துக் காவலாளி வந்து சாவிக்கொத்தை ஆட்டிக்காட்டியும் எழுந்திருக்கவில்லை. அவள் அருகில் போகவில்லை. மீதி நாற்காலிகளைத் தானே மடக்கினாள்.

திங்கட்கிழமை காலை அவள் ஆபீஸுக்குப் போனபோது கொழுந்தன் அவளுக்கு முன்பே வந்திருந்தான். திரையில் பூட்டுகிற பக்கம் திறந்திருந்தது.

"இதைப் போட்டா, நாளைக்கு நமக்கே புத்தி மாறினாலும் மாத்த முடியாது அண்ணி. தெரியும்ல?"

"தெரியும்."

"பசி எடுத்தாலும் மாத்த முடியாது."

"அதுக்குத்தான் பூட்டுறது. பசி எடுக்காதப்ப யார் வேணும்னாலும் நேர்மையா இருப்பாங்க."

அவன் தன் சாவியைப் போட்டான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காதது போலிருந்தது. பிறகு ஒரு சின்னப் பச்சைக் குறி வந்தது. கீழே யாரோ சக்கரத்தின் நட்டைச் சுத்தியலால் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆலோசகர் போன் செய்தபோது கொழுந்தனே எடுத்தான். "கதவே வைக்கல சார். சுவர்தான். எங்களாலயும் உள்ள போக முடியாது" என்றான். அந்தப்பக்கம் என்ன சொன்னாரோ, "பரவாயில்ல சார், உங்க நேரத்துக்கு நன்றி" என்று வைத்துவிட்டு, அண்ணியின் பக்கம் திரும்பாமலே வேலையைத் தொடர்ந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் பூமாலையாக விழுந்துவிடவில்லை. ஆறு மாதத்தில் அந்தப் பெரிய கம்பெனி தானே ஒரு பந்தய விளையாட்டை இறக்கியது. பளபளப்பான கார்கள், இரண்டு பிரிவு, இரண்டு பட்டியல். உலகமெல்லாம் அதைப் பற்றியே பேச்சு. இவர்களுடையதில் சேர்ந்தவர்கள் அதன் வாசலில் நிற்கிற கூட்டத்துக்குக்கூட ஈடாகமாட்டார்கள். கொழுந்தன் பகலில் வேறொரு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். அவள் பிற்பகல்களில் ஒரு பயிற்சி நிலையத்துக்குக் கேள்வித்தாள் தயாரித்துக் கொடுத்தாள். வாரத்துக்கொரு பந்தயம் மட்டும் நிற்கவில்லை.

ஒரு நாள், கோடு எழுதுகிறவர்களின் குழு ஒன்றிலிருந்து நீண்ட கடிதம் வந்தது. முந்தைய இரண்டு பந்தயங்களில் அட்டைக்காரர் ஒருவர் முதலிடம் பிடித்துவிட்டாராம். இது தங்கள் உழைப்பை அவமதிப்பதாம். அட்டைக்காரர்களை வேறு பட்டியலுக்கு மாற்றாவிட்டால் குழுவில் ஒருவரும் இனி வரமாட்டார்களாம்.

கொழுந்தன் படித்துவிட்டு, "இவங்க போனா பந்தயத்துல பாதி காலி அண்ணி" என்றான். "என்ன எழுதட்டும்? மாத்த முடியாதுன்னு விளக்கமா எழுதவா?"

"முடியாதுன்னு எழுதாத. முடிஞ்சிருந்தாலும் மாத்தியிருக்கமாட்டோம். அதை எழுது."

"கோபப்படுவாங்க."

"படட்டும். அவங்க கோபத்துக்கும் இங்க இடம் இருக்கு. அதே பட்டியல்ல."

அவன் அதை அப்படியே எழுதினான். கீழே, தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தான்: 'சனிக்கிழமை மூன்று மணிக்குக் கொடி விழும்.'

சனிக்கிழமை அந்தக் குழுவில் பாதிப்பேர் வரவில்லை. வந்த பாதிப்பேர் பின்வரிசையில் முறைத்தபடி உட்கார்ந்து, யாருக்கும் காட்டாமல் தங்கள் திட்டத்துக்கு முத்திரை வைத்தார்கள். டயர்க்கடைக்காரர் இந்த முறை இரண்டு வாக்கியம் அடுக்கியிருந்தார். மூன்று மணிக்குக் கொடி விழுந்தது.